காலைக் காட்சிக்கு வாங்கிய ரிக்கற்

எழுவைதீவில் கல்யாணத்துக்கு நாள் பார்த்தாலும் சாத்திரியாரைக் கேட்க முன்னம் படகு நேரத்தைத்தான் கேட்போம். யாழ்ப்பாணத்தில் இசை நிகழ்ச்சி என்று கைபேசியில் விளம்பரம் வந்தபோது என் அக்காவும் அதையே கேட்டாள்.

"படகுக்குச் சரிவருமோ?"

காலைக் காட்சியும் இருந்தது. இரண்டு பேருக்கும் இணையத்தில் ரிக்கற் வாங்கினேன்.

அத்தான் பாரிசவாதத்தில் விழுந்த பிறகு அக்கா ஊரைவிட்டுப் போனதென்றால் ஆஸ்பத்திரிக்குத்தான். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக்காரி சம்மதித்தாள். இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க அக்கா வந்தே ஆகவேண்டும். கடைசிப் படகோ பொழுதுபட முன்னரே வெளிக்கிட்டுவிடும். அக்கா அலுமாரியில் கிடந்த நீலச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது. காலைக் காட்சி இல்லையாம், அதே ரிக்கற்றோடு இரவுக் காட்சிக்கு வரலாமாம், பணம் திருப்பித் தரமாட்டார்களாம். அக்கா சேலையை மறுபடியும் அலுமாரிக்குள் வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நுகர்வோர் முறைப்பாடுகளை விசாரிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கு அன்றைக்கே எழுதிப் போட்டேன். "ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்று படகுத் துறையடியில் நின்ற ஊரவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விசாரணைக்கு எங்கள் இருவரையும் அழைத்தார்கள். அதிகாரி ஒரு பெண். நிகழ்ச்சி நடத்துகிறவர்களின் பக்கம் இஸ்திரி கலையாத சட்டையோடு ஓர் இளைஞன் வந்திருந்தான்.

"அதே பாட்டு, அதே கதிரை. நேரம் மாறலாம் எண்டு விதியிலை போட்டிருக்கு. அதுக்கு ஓம் எண்டு அமத்திப்போட்டுத்தானே வாங்கினீங்கள்? ஒரு இரவு சொந்தக்காரர் வீட்டிலை நிண்டிட்டுப் போங்கோவன்" என்றான்.

அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"என்ரை மனுசனை ஆர் தம்பி புரட்டிப் படுக்கவைக்கிறது? நீர் வருவீரோ? வாறதெண்டாலும் உமக்குப் படகில்லை."

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். "பகலை வித்துப்போட்டு இரவைக் குடுக்க ஏலாது. பொடி எழுத்திலை என்னத்தைப் போட்டாலும் சட்டம் விடாது. காலைக் காட்சிக்கு வாங்கின எல்லாருக்கும் காசைத் திருப்பிக் குடுங்கோ, இல்லாட்டிச் சொன்னபடி காலையிலை நடத்துங்கோ. ரண்டும் ஏலாதெண்டால் கோட்டுக்கு வாங்கோ."

இளைஞன் கைபேசியோடு வெளியே போனான். திரும்பி வந்தபோது சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"காலையிலையே நடத்துறம், மிஸ்."

துறையடிக்கு வந்து இறங்கியதும் சிரித்தவர்களிடம் அந்தச் செய்தியைச் சத்தமாகவே சொன்னேன். அவர்களில் சிலர் அன்றே தங்களுக்கும் ரிக்கற் வாங்கித் தரச்சொல்லிக் கேட்டார்கள்.

நிகழ்ச்சியன்று அக்கா நீலச் சேலையோடு முன்வரிசையில் இருந்தாள். பாட்டுக்குப் பாட்டு வாயசைத்தாள், கைதட்டினாள், ஓரிடத்தில் அழவும் செய்தாள். ஊருக்குள் ஒரு தேரை நானே தனியாக இழுத்து வந்த மாதிரி எனக்குப் பெருமையாக இருந்தது.

நிகழ்ச்சி நீண்டு பின்னேரமாகிவிட்டது. ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் அந்த இளைஞன் வரிசைகளுக்கிடையே குனிந்து ஓடிவந்தான்.

"அக்கா, படகுக்கு நேரமாகுது. வாசலிலை ஓட்டோ பிடிச்சு வைச்சிருக்கிறன், கெதியா வெளிக்கிடுங்கோ."

அக்கா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கடை படகு எனக்குத் தெரியும் தம்பி. இன்னும் ஒரு பாட்டுக்கு நேரம் கிடக்கு. நீரும் இதிலை இரும்."