வாலைக் காட்டாத வால்நட்சத்திரம்

இரண்டு வாரமாக என் போனில் ஒரே வால்நட்சத்திரப் பேச்சு. சூரியன் இறங்கியதும் மேற்கே வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம், டார்ச் அடித்த மாதிரி ஜொலிக்கும், விட்டால் நம் ஆயுசில் கிடையாது என்று ஒரு யூடியூப்காரன் தினமும் கத்தினான். பெங்களூரு ரயிலில் நின்றபடியே வீடு திரும்பும் நான் அதை நம்பினேன்.

அப்பாவுக்காகத்தான் நம்பினேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது பேர்பெற்ற வால்நட்சத்திரம் ஒன்று வந்ததாம். ஊரே அண்ணாந்து பார்த்த அந்த நாட்களில் அவர் நைட் ஷிப்டில், கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் இருந்தார். இப்போது சுரங்கம் இல்லை. அதன் தூசி மட்டும் அவர் நெஞ்சில் இருக்கிறது.

நான்கு நாள் மேகம். ஐந்தாம் நாள் வானம் வெளுத்தது. அரைநாள் லீவு போட்டு ஓடிவந்தேன்.

"சயனைடு மேட்டு மேல ஏறினா நல்லா தெரியுமாம்பா. வாங்க."

"இந்த மூச்ச வெச்சிக்கினு எங்க ஏறுறதும்மா?" என்றார். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டார்.

தங்கம் பிரிக்கச் சயனைடு கலந்த சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டியே மலையான மேடு அது. பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினார். உச்சியில் ஏற்கெனவே ஒரு கூட்டம். சூரியன் இறங்கியது. பார்த்தோம், பார்த்தோம். ஒன்றுமே இல்லை. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் போனை அசையாமல் பிடித்துப் படமெடுத்து, "இதோ பாருங்க தாத்தா" என்றாள். திரையில் சுண்ணாம்பு தடவிய மாதிரி ஒரு கீற்று.

"போன்ல கீது, வானத்துல காணோமே" என்றார் அப்பா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை நீட்டினார். "ஆங், தெரியுதும்மா! அதோ, பளிச்சுன்னு!"

"அது வெள்ளிப்பா! ஏன் பொய் சொல்றீங்க?"

அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் கையை மடக்கிக்கொண்டார்.

இறங்கும்போது காற்று கிளம்பி, மேட்டு மண்ணை எங்கள் முகத்தில் வாரி அடித்தது. மறுநாள் காலையில் அவருக்கு மூச்சே வரவில்லை. கோலார் ஆஸ்பத்திரியில் மூன்று நாள், மூக்கில் மாஸ்க். வராந்தாவில் உட்கார்ந்து அந்த யூடியூப்காரனுக்கு வாயில் வந்ததையெல்லாம் எழுதினேன். ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டு, அடுத்த வால்நட்சத்திரத்தின் வீடியோவை அனுப்பிவைத்தான். போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

உள்ளே போய் அப்பாவிடமும் அவனைத்தான் திட்டினேன். அவர் மாஸ்க்கைக் கழற்றினார்.

"அவன ஏன் திட்ற? எனக்கு வால்நட்சத்திரம் வேணும்னு எப்பனா நான் கேட்டனா? நீ ஆசப்பட்ட, வந்தேன். அதுக்கு அத்தினி பேர் எதிர்ல இன்னா கத்து கத்தின நீ!"

மாஸ்க்கை அவரே மறுபடி மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

வீட்டுக்கு வந்து மாதங்கள் ஆகின்றன. அவர் நன்றாகத்தான் இருக்கிறார், என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார். நான்தான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கப் போகும்போதெல்லாம் என் மேலேயே கோபம் முட்டிக்கொண்டு வருகிறது. வேறு எதற்காவது யார் மேலாவது எரிந்து விழுந்துவிட்டு ரயிலுக்கு ஓடுகிறேன்.