ஜாயிண்ட் தெரியாத கவுண்டர்

என் மெஸ்ஸில் பரிமாறுகிற கவுண்டர் பன்னிரண்டடி நீளம். மேலே ஒட்டியிருக்கிற மைக்கா ஷீட் எட்டடிதான் வரும். அப்படியானால் நடுவில் எங்கோ ஒரு ஜாயிண்ட் இருந்தாக வேண்டும். அதைக் கண்ணாலோ நகத்தாலோ கண்டுபிடிக்கிறவருக்கு அன்றைய சாப்பாடு சும்மா என்று சொல்லிவைத்திருக்கிறேன். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வருகிற டிரைவர், கண்டக்டர், ஆசாரி என்று எத்தனையோ பேர் தடவிப் பார்த்துவிட்டுக் காசு கொடுத்துத்தான் சாப்பிட்டுப் போகிறார்கள். சீனியம்மாள் ஏமாற்றுக்காரி என்று சிலர் முணுமுணுப்பதும் என் காதில் விழுகிறது. விழட்டும்.

அந்த ஜாயிண்டைப் போட்டவள் நாகஜோதி. முப்பத்து மூன்று வயது. இடது புருவத்தில் நாலு தையல் போட்ட தழும்பு இருக்கும். இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்காது. இரண்டுமே அவள் புருசன் அருள்பாண்டி கொடுத்தது. அவன் பேரைச் சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனால் சொல்லாமல் முடியாது.

அருள்பாண்டி மர வேலைக்காரன். வீடுகளில் சமையல்கட்டு மேடைக்கும் அலமாரிக்கும் மைக்கா ஒட்டுவான். ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டுமே, அதனால் கட்டின பெண்டாட்டியையே ஷீட்டின் மறுமுனையைப் பிடிக்கக் கூட்டிப்போனான். கல்யாணமாகி ஐந்தாம் வருசம் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வீட்டு வேலை. சோறு கொண்டுவர நேரமாகிவிட்டது என்று, கையிலிருந்த ரூட்டர் மிஷினை அவள் மேல் எறிந்தான். ஓரம் சீவுகிற கனத்த மிஷின் அது. புருவத்தைக் கிழித்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் போய் விழுந்தது. அவளுக்கு நாலு தையல். மிஷினைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் அவன் போட்ட ஜாயிண்ட் ஒன்றும் சேரவில்லை. இரண்டு ஷீட்டும் சந்திக்கிற இடத்தில் வாய் பிளந்து நின்றது. அதில் தண்ணீர் இறங்கினால் அடியிலுள்ள பலகை உப்பிவிடும். வீட்டுக்காரர்கள் திட்டினார்கள். அவன் அவளைத் திட்டவில்லை, அடித்தான். "நீ புடிச்ச லட்சணம்தான்டி இது" என்று ரீப்பர் கட்டையால் முதுகில், முழங்கையில், முழங்காலில் அடிப்பான். இடைவெளி விழுந்த நாளெல்லாம் அடி. ஆறு வருசம். கடைசியாகப் போன ஆவணியில் அவள் இடது கையைப் பலகையில் வைத்து இரண்டு விரலைச் சுத்தியலால் நசுக்கினான். குறுக்கே விழுந்த மகள் திவ்யாவையும் அறைந்தான். அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயசு.

மறுநாளே நாகஜோதி அந்த ரூட்டர் மிஷினைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு திருமங்கலத்தில் இருக்கும் அண்ணன் விருமாண்டி வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் நல்ல வார்த்தையா சொன்னான்? "கார்த்திகை பொறக்கட்டும். அதுக்குள்ள ஒனக்குன்னு ஒரு சோலி அமைஞ்சா இரு. இல்லாட்டி மாப்ள கூடப் போயிரு." அந்தக் கெடுவோடுதான் என் மெஸ்ஸுக்குப் பாத்திரம் கழுவ வந்தாள். மடங்காத விரல்களோடு அண்டாவைத் தேய்க்க முடியவில்லை. அது நிலைக்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில் என் கவுண்டருக்குப் பலகை அடித்த ஆள் பாதியிலேயே ஓடிப்போயிருந்தான். நாகஜோதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் ஒட்டவா?"

"ஒனக்கு வருமா?"

"புடிக்க வரும். வெட்டுறதப் பாத்திருக்கேன்."

முதலில் ரெண்டு கழிவுத் துண்டை எடுத்து, தான் கொண்டுவந்த மிஷினால் அருள்பாண்டி வெட்டுவதைப் போலவே தனித்தனியாக வெட்டிச் சேர்த்துப் பார்த்தாள். நடுவில் பத்து ரூபாய் நோட்டை நுழைக்கலாம் போல இடைவெளி. நான் "பரவால்ல விடு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். அடிக்க அங்கே ஒருத்தருமில்லை.

"எங்கையிதான்க்கா கோணை. அவுக சொன்னது நெசம்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கோணை கையா மிஷினா என்று பார்த்துவிடுவோம் என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு காளவாசலுக்கு பஸ் ஏறினேன். அங்கே பீமாராவ் என்று ஒருவர் மிஷின் பழுது பார்க்கிறார். அவர் அதைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஒரு விரலால் தட்டினார். ஒரு கால் குட்டையான ஸ்டூலைப் போல அது ஆடியது.

"அடித்தட்டு வளைஞ்சிருக்கு. தள்ளத் தள்ள ஆடும், வெட்டு அலையலையாப் போகும். எவன் வெட்டுனாலும் கேப்பு விழத்தான் செய்யும்."

நாகஜோதி மெதுவாகக் கேட்டாள். "மறுமுனையில புடிக்கிறவக கை ஆடுனாண்ணே?"

"புடிக்கிறவகளுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? இது சும்மா கை தவறி விழுந்ததில்ல. எவனோ ஓங்கி எறிஞ்சிருக்கான்."

அவள் கை தானாகப் புருவத்துக்குப் போனது. "அண்ணே, இன்னொருக்க சொல்லுங்க" என்றாள். அவர் இன்னொரு முறை சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அவளை அடித்து அவன் மிஷினைக் கெடுத்தான். மிஷின் கெட்டதற்கு அவளை அடித்தான். இவளும் ஆறு வருசம் தன் கையைத்தான் நொந்துகொண்டிருந்தாள்.

தட்டை மாற்றிக்கொண்டு வந்தோம். அவள் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு ஷீட்டையும் நடுவில் நூலளவு சந்து விட்டு எதிரெதிரே வைத்து, இரும்புப் பட்டியைத் துணையாக இறுக்கி, அந்தச் சந்தின் மேலேயே மிஷினை ஓட்டினாள். ஒரே ஓட்டத்தில் இரண்டு ஓரமும் சீவப்படும். கை கொஞ்சம் வளைந்தாலும் இரண்டும் ஒன்றாக வளையும், அதனால் சேரும்போது பொருந்திக்கொள்ளும்.

ஐப்பசி கடைசி நாள் மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் ஒட்ட ஆரம்பித்தாள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள். பலகையிலும் ஷீட்டிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்தாள். அந்தப் பசை ஒருமுறை தொட்டால் பிரியாது, திருத்தவும் முடியாது. முதல் ஷீட்டை ஒட்டிவிட்டாள். இரண்டாவதைப் பசையில் படாமல் குறுக்கே போட்ட குச்சிகளின் மேல் வைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து உள்ளங்கையால் அழுத்தினாள். இனி ஜாயிண்ட் பக்கத்திலிருந்து குச்சிகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும்.

அப்போதுதான் அருள்பாண்டி உள்ளே வந்தான். பின்னால் விருமாண்டி. கெடு முடிந்தது, வந்து கூட்டிப்போ என்று இவனே போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறான், பாவி.

"ஆசாரிச்சி ஆயிட்டியோ? கெளம்புடி."

அவள் திரும்பவில்லை. ஒரு குச்சியை உருவினாள். அவன் அவள் கொண்டையைப் பிடித்து முகத்தைக் கவுண்டர் ஓரத்தில் மோதினான். உதடு கிழிந்து ரத்தம் ஷீட்டில் சொட்டியது. அவள் உள்ளங்கை ஜாயிண்டை விட்டு நகரவில்லை. அடுத்த குச்சியை உருவினாள். அவன் ரீப்பர் கட்டையை எடுத்து முதுகில் ஒன்று வைத்தான். இன்னொன்று வைத்தான். அவள் மூன்றாவது குச்சியையும் உருவினாள். விருமாண்டி மரம் மாதிரி நின்றான். அருள்பாண்டி கட்டையை மறுபடி ஓங்கியபோது, நான் அடுப்படியில் ஆவி பறந்த வடிகஞ்சியைக் கொண்டுவந்து அவன் காலில் ஊற்றினேன். தப்பென்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவன் துள்ளிக் கத்தினான். அதற்குள் கடைசிக் குச்சியும் வந்துவிட்டது. நாகஜோதி மரக்கட்டையால் ஜாயிண்டை அழுத்தித் தேய்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவன் பக்கத்தில் கிடந்த மிஷினைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தான்.

"எறிங்க" என்றாள். "போன தடவ எறிஞ்சப்பத்தான் தட்டு வளைஞ்சுச்சு. அந்த கேப்புக்குத்தான் ஆறு வருசமா என்னைய அடிச்சீக. வெரலு ரெண்டும் அதுக்குத்தான் போச்சு. காளவாசல்ல கேட்டுப் பாருங்க."

விருமாண்டி தங்கச்சியின் விரலைப் பார்த்தான். ஷீட்டில் சொட்டிய ரத்தத்தை அவள் சேலை முந்தியால் துடைத்திருந்த இடத்தைப் பார்த்தான். குனிந்து ஜாயிண்ட் மேல் நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்தான். பிறகு அருள்பாண்டியின் மணிக்கட்டை முறுக்கி மிஷினைப் பிடுங்கிக் கீழே வைத்தான். அவன் பிடரியைப் பிடித்து முகத்தைக் கவுண்டரில் மோதி அமுக்கினான்.

"காட்டு மாப்ள. கேப்பு எங்கன இருக்குன்னு காட்டு. காட்டிட்டு அவளக் கூட்டிட்டுப் போ."

அருள்பாண்டி தேடினான். பதினைந்து வருசம் மைக்கா ஒட்டினவன், மூக்கில் ரத்தம் ஒழுக, நகத்தால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினான். இரண்டு தரம் தடவினான். அவனால் காட்ட முடியவில்லை. விருமாண்டி அவனை வாசல் வரை உதைத்துக்கொண்டே போய்த் தள்ளிவிட்டு வந்து, தங்கச்சி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுக்கும் ரெண்டு போட்டிருக்கலாம்.

இப்போது நாகஜோதிக்கு ஓயாத வேலை. காளவாசல் வரைக்கும் கூப்பிடுகிறார்கள். நானும் சில நாள் கூடப் போவேன். கடைசிக் குச்சியை உருவி ஜாயிண்டைத் தேய்த்து முடித்ததும், அதைப் பார்ப்பதற்கு முன்னால், அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தோள் இரண்டையும் காதுவரை தூக்கிக்கொள்கிறாள். ஒரு நொடிதான். அப்புறம் கண்ணைத் திறந்து பார்த்துச் சிரிக்கிறாள். அந்த ஒரு நொடியைப் பார்க்கும்போதெல்லாம், கஞ்சியை அவன் காலோடு நிறுத்தினேனே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.