கவுன்சிலர் சார் வந்தாச்சா?

டிவி விவாதத்தில் கோட்டு போட்ட ஒருவர், அரசியலுக்குச் சம்பந்தமே இல்லாத நல்லவர்கள் ஆட்சிக்கு வரவேண்டும் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்படி வந்தவள் நான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஒரு பேரூராட்சியில் வார்டு உறுப்பினர். ஊர்ப் பெயர் வேண்டாம். பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் அந்தச் சொந்தக்காரர்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

அதற்கு முன்னால் திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். எங்கள் வார்டில் சர்க்கரை உள்ளவர்கள் எல்லாரும் என்னிடம் கை நீட்டியவர்கள்தான். யார் வழியில் போண்டா தின்றுவிட்டு வந்து வெறும் வயிறு என்று சாதிப்பார் என்பதுவரை எனக்குத் தெரியும். ஜனங்களைப் புரிந்துகொள்ள இதற்கு மேல் என்ன பயிற்சி வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் பழைய கவுன்சிலர் தன் மனைவியை நிறுத்தினார். போஸ்டரில் அந்த அம்மா படம் பாஸ்போர்ட் அளவு, கைகூப்பி நிற்கும் இவர் படம் ஆளுயரம். நிற்பது யார் என்று போஸ்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

என்னை நிற்கச் சொன்னவள் பள்ளத்தெருவில் இட்லிக்கடை வைத்திருப்பவள். அவள் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அவருக்கு ரத்தம் எடுக்க வீட்டுக்கே போய்ப் பழக்கம். ஐப்பசி மழை வலுத்தால் சாக்கடைத் தண்ணீர் அவள் வீட்டுக்குள் வந்துவிடும். கட்டில் கால்களுக்கு அடியில் ஹாலோபிளாக் கல் வைத்து அவரை உயர்த்திவிடுவாள். கடைசியாகப் பெய்த மழையில் தண்ணீர் கல்லையும் தாண்டி அவருடைய பாயை நனைத்தது. முதுகுப் புண்ணில் சீழ் வைத்து, பிழைத்ததே பெரிய விஷயம்.

"நீ நில்லுக்கா," என்றாள். "நீ அரசியல்வாதி கெடையாது. அதான் வோணும். இன்னொரு மழைக்கு இந்தாளு தாங்க மாட்டாரு."

நின்றேன். சுயேச்சைக்குக் கிடைத்த சின்னம் தண்ணீர்க் குழாய். எங்கள் வார்டில் குழாய்க்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான். "சின்னத்துலயாவது தண்ணி வருமா?" என்று கேட்டுச் சிரித்தபடியே ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்துவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து தொல்லை ஆரம்பித்தது. காலையில் மனு கொடுக்க வருகிறவர்கள் வாசலில் நின்று, "கவுன்சிலர் சார் வந்தாச்சா?" என்று என்னிடமே கேட்பார்கள்.

"நான்தான் கவுன்சிலர்."

"அது தெரியும்மா. சார் எப்ப வருவாரு?"

சார் என்பது என் வீட்டுக்காரர். விழுப்புரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தோசைக்குச் சட்னியா சாம்பாரா என்று கேட்டால், உனக்கு எது சௌகரியமோ என்பார். சாயந்திரம் பஸ்ஸைவிட்டு இறங்கினால் டீக்கடையில் நாலு பேர் எழுந்து நிற்கிறார்கள் என்று, மனிதர் பின்பக்கச் சந்து வழியாக வீட்டுக்கு வர ஆரம்பித்தார். நான் வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம் நான்தான், நான்தான் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. என் சொந்தச் சித்தப்பாவே ரேஷன் கார்டு விஷயத்தை அவரிடம்தான் போனில் பேசினார்.

சாக்கடை அடைத்துக்கொள்வதற்குக் காரணம் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெருமுனைக் கல்யாண மண்டபத்துக்காரர், கார் ஏற வசதியாகச் சாக்கடை மேலேயே கான்கிரீட் சரிவு போட்டிருக்கிறார். மாப்பிள்ளை கார் குலுங்காமல் ஏறும். தண்ணீர்தான் திரும்பிப் பள்ளத்தெருவுக்குப் போகும்.

முதல் மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று விலாவாரியாகப் பேசினேன். படம் வரைந்துகூடக் காட்டினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். டீ வந்தது. தலைவர், "மேடம் நல்லா பேசனாங்க," என்றார். தீர்மானங்களை ஒரே மூச்சில் வாசித்தார்கள், ஒரே மூச்சில் நிறைவேறின. என்னுடையது அதில் இல்லை. அடுத்த கூட்டத்திலும் பேசினேன், இன்னும் நன்றாக. டீயோடு பிஸ்கட்டும் வந்தது.

ஓவர்சியர்தான் பாவம் பார்த்து வெளியே வராந்தாவில் சொன்னார். "மேடம், மண்டபத்துக்காரரு பழைய கவுன்சிலர் சொன்னாத்தான் கேப்பாரு. அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொல்றது கரெக்டுதான். கரெக்டா இருந்தா மட்டும் ஜேசிபி வருமா?"

ஆத்திரமாக வந்தது. யாரைத் தோற்கடிக்க நின்றேனோ அவர் வீட்டு வாசலில் போய் நிற்பதா? புரட்டாசி முடியும்வரை போகவில்லை. வானம் கருத்த ஒரு நாள் இட்லிக்காரி வீட்டு வழியாகப் போனேன். அவள் குனிந்து கட்டில் காலுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். அங்கிருந்து நேராகப் பழைய கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன்.

என்னிடம் தோற்ற அந்த அம்மாதான் காபி கொடுத்தார். "நல்லவேளை நான் தோத்தேங்க. ஜெயிச்சிருந்தா இவரு காலையில எழுப்பிக் கையெழுத்து வாங்கிக்கினு இருப்பாரு," என்று காதோடு சொன்னார். தேர்தல் முழுக்க வாயே திறக்காத அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பழைய கவுன்சிலர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ரொம்ப நாளாக எதிர்பார்த்ததைப் போல ஊஞ்சலில் சாய்ந்தார்.

"அந்தச் சரிவை நீ இடிச்சன்னு வெச்சிக்க, ஒரு சுயேச்சை, அதுவும் ஒரு பொம்பள வந்து இடிச்சிட்டான்னு அவருக்கு அசிங்கம். கோர்ட்டுக்குப் போவாரு. அவரே ஜனங்களுக்காக வுட்டுக்குடுத்தாருன்னு ஆவணும். ஒரு பூஜை போடு. ஒரு பேனரு வை. அவரு படம், எம் படம். கீழ உன் படமும் போட்டுக்கலாம், வேணான்னு யாரு சொன்னது?"

இந்தப் புத்தி எனக்கு ஏன் வரவில்லை என்று யோசித்தேன். நான் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அந்தக் குற்றவாளிக்கு மாலை வாங்கிக்கொண்டிருந்தார். சரி என்றேன். சொல்லும்போது வாய் கசந்தது, காபியில் சர்க்கரை தூக்கலாகத்தான் இருந்தது.

அந்த வாரமே ஜேசிபி வந்தது. பேனரும் வந்தது. அதில் மண்டபத்துக்காரர் வள்ளல் கணக்காக நின்றார். பழைய கவுன்சிலர் போன் பேசுகிற போஸில். கீழே மூலையில், 'பேரூராட்சி மன்ற உறுப்பினர்' என்ற எழுத்துக்கு மேல், என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பேனர் அடித்தவனிடம் யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை. கவுன்சிலர் படம் வேண்டுமென்றதும் எங்கள் கல்யாண நாள் போட்டோ ஒன்றை எங்கேயோ பிடித்து, என்னைக் கத்தரித்துவிட்டு அவரை எடுத்து ஒட்டியிருக்கிறான். போனில் கேட்டதற்கு, "சார் படம்தானே மேடம் போட்டேன், நல்லா வரலியா?" என்றான்.

என் வீட்டுக்காரர் நடுங்கிவிட்டார். "இப்பவே எறக்கச் சொல்லிடறேன்," என்று ஏணிக்கு ஆள் தேடினார். எனக்கும் கிழித்தெறிய வேண்டும்போல இருந்தது. ஆனால் பேனரை இறக்கினால் பூஜை நிற்கும், பூஜை நின்றால் மண்டபத்துக்காரர் முகம் சுளிப்பார், ஜேசிபி பாதிச் சரிவோடு கிளம்பிவிடும். மழை வாசலில் நிற்கிறது.

"இருக்கட்டும் விடுங்க," என்றேன். பூஜையில் என் வீட்டுக்காரருக்குத்தான் சால்வை போர்த்தினார்கள். நான் பக்கத்தில் நின்று கை தட்டினேன். அவர் சால்வையோடு என்னைப் பார்த்த பார்வையில், ஊசிக்குப் பயந்த ஆள்கள் லேபில் பார்க்கிற பார்வை இருந்தது.

ஐப்பசியில் மழை கொட்டியது. விக்கிரவாண்டிப் பக்கம் ஏரி நிரம்பிவிட்டது என்றார்கள். குடையை எடுத்துக்கொண்டு பள்ளத்தெருவுக்கு ஓடினேன். சாக்கடையில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஒழுங்காக ஓடியது. இட்லிக்காரி வீட்டில் தரை காய்ந்திருந்தது. கட்டில் தரையில் நின்றது. கற்கள் அடுப்படிக்குப் போய், அவற்றின் மேல் இட்லிக் குண்டான் உட்கார்ந்திருந்தது.

அவள் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடி, குழறும் நாக்கால் என்னிடம் சொன்னார். "சாருக்கு... ரொம்ப நன்றி சொல்லும்மா."

இத்தனை மாசமாகத் தொண்டை வறளச் சொன்ன வார்த்தை வாய்வரை வந்தது. அந்த முதுகுக்கு அடியில் பாய் உலர்ந்து கிடந்தது. சொல்கிறேன் என்றேன்.

வெளியே வந்ததும் இட்லிக்காரி குரலைத் தாழ்த்தினாள். "அந்தாளு கெடக்கறாருக்கா. பேனர்ல உன் படத்துக்குப் பதிலா சாரு படம் வந்துச்சே, ரகளை பண்ணப் போறன்னு பயந்துக்கினு இருந்தேன். நீ கம்முனு கைதட்டிக்கினு நின்ன பாரு, அப்பதான் நெனச்சேன், இவ தேறிட்டா, இனிமே அரசியல்வாதிதான்னு."

அரசியல்வாதி இல்லை என்பதற்காகவே என்னை நிறுத்தினவள் சொல்கிறாள். முகத்தில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை, பெருமைதான் இருந்தது. எனக்கு அழுகை வருகிறாற்போல இருந்தது. அதோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது.

தட்டில் இட்லி வைத்து நீட்டினாள். "சாருக்கும் ரெண்டு கட்டித் தரட்டுமா?" என்றாள்.

கட்டச் சொன்னேன்.