சிங்கிள் ஸ்டேட்டஸ் டீச்சர்

டீச்சர் வேலையில் பிள்ளைகள் பேசுவது ஒரு வருஷத்தில் புரிந்துவிடும். வேலைக்கு எடுக்கிறவர்கள் பேசுவது ரிட்டயர் ஆகும்வரை புரியாது. வெளிநாட்டு இன்டர்நேஷனல் பள்ளிக்கு அப்ளை பண்ணிவிட்டு, குக்கர் விசிலுக்கு நடுவில் மெயில் பார்க்கும் சக டீச்சர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் செவிலிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டுக்காரர் பட்டுத்தறி நெய்கிறார். மகள் நிலாவுக்கு மூன்று வயது. வெளிநாட்டு வேலை விஷயத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில்: நிலாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா, கூடாதா? அதைக் கேட்பதற்குத்தான் மூன்று மாதம் ஆனது. கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் படித்ததில் எனக்கு நன்றாக வந்தவை இரண்டு. ஒன்று கையெழுத்து. மற்றது, எதுவும் கேட்காமல் "எஸ் சிஸ்டர்" சொல்வது.

பீச் இருக்குது

பெரிய காஞ்சிபுரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு கன்சல்டன்சி. அங்கே இருந்த சார் ஒரு வளைகுடாப் பள்ளியின் ஆல்பத்தைப் புரட்டிக் காட்டினார். நீச்சல் குளம் இருந்தது, குதிரை இருந்தது, கண்ணாடிக் கட்டடம் இருந்தது. ஒரு படத்திலாவது டீச்சர் உட்கார்ந்திருக்கிறாரா என்று தேடினேன். இல்லை. "வாரத்துக்கு எத்தனை பீரியட் சார்?" என்றேன். "ஸ்கூலுக்குப் பின்னாடியே பீச் இருக்குது மேடம்." "லீவு எத்தனை நாள்?" "பீச்சுல ஒட்டகம்கூட வரும் மேடம்."

நிலாவைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டெல்லாம் கேட்டார். அவை இப்போது வேலை செய்யும் பள்ளியின் பீரோவில் இருக்கின்றன. சேரும் அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்வார்கள்; நடுவில் நாம் ஓடிவிடக் கூடாதாம். அவற்றைத் திருப்பிக் கேட்கத் தைரியமில்லை என்று இழுத்தேன். சார் அசரவில்லை. "அதுக்கின்னா மேடம், கேட்டா குடுக்கப்போறாங்க" என்றார்.

பயணம்

இன்டர்வியூ வீடியோவில் நடந்தது. அந்தப் பள்ளியின் பிரின்சிபால் அம்மா சிரித்த முகம். எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றரை அறை. அந்த ஒன்றில் தறி. எவ்வளவு சொல்லியும், வீட்டுக்காரர் சரியாக நான் பேசும்போதுதான் தறிப் பலகையை இழுத்து அடித்தார். "அது என்ன சத்தம்? பக்கத்தில் கட்டட வேலையா?" என்றார் அந்த அம்மா. "தறி" என்றேன். அவர் கண்கள் விரிந்தன. அடுத்த பத்து நிமிஷத்தில் நான் கைத்தறி கிளப், கலாச்சார வாரம், சனிக்கிழமைப் பயிற்சிப் பட்டறை மூன்றுக்கும் பொறுப்பாளர் ஆகியிருந்தேன். நான் கற்றுக்கொடுக்கப் போகும் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதற்கெல்லாம் தனியாக நேரம் ஒதுக்குவார்களா என்று மெதுவாக இழுத்தேன். "எங்கள் டீச்சர்கள் வேலை செய்வதில்லை. ஒரே குடும்பமாக ஒரு பயணத்தில் இருக்கிறார்கள்" என்றார்.

தறிக் குழிக்குள்ளிருந்து வீட்டுக்காரர் கிசுகிசுத்தார்: "பயணம்னா பயணப்படி உண்டான்னு கேளுப்பா."

பத்திரமா இருக்குது

ஸ்டெல்லா என்னோடு கான்வென்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது வளைகுடாவில் வேறொரு பள்ளியில் இருக்கிறாள். ஆறு கேள்வி எழுதி அனுப்பினேன். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. "ரூம்ல ஜன்னல் இருக்குதுடி. தொறந்தா இன்னொரு ஜன்னல் இருக்குது. ரூம்மேட் பி.டி. டீச்சர், தூக்கத்துல விசில் அடிப்பா. பசங்க தங்கம். அம்மா அப்பாங்கதான் ராத்திரி பதினோரு மணிக்கு மார்க் கேட்டு மெசேஜ் போடுவாங்க. உன் பொண்ண பத்தி வாயால கேக்காத, எழுதிக் கேளு. வாயால கேட்டா 'ஷ்யூர்'னு சொல்லுவாங்க. ஷ்யூர்னா இல்லைன்னு அர்த்தம்."

பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்பது ஆறாவது கேள்வி. அதற்கு மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. "எச்.ஆர். பீரோவுல பத்திரமா இருக்குதுடி. எங்கிட்ட இருந்தா தொலைச்சிடுவேனாம்."

ஒத்த இழை

ஆஃபர் லெட்டர் வந்தது. பத்து நாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நாலாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'சிங்கிள் ஸ்டேட்டஸ்' என்று இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று நினைத்துவிட்டார்களோ என்று கன்சல்டன்சி சாருக்கு போன் போட்டேன். "நீங்க மேரீட்தான் மேடம். காண்ட்ராக்ட்தான் சிங்கிள்" என்றார். அதாவது புருஷன், பிள்ளை எல்லாம் இருக்கலாம், காஞ்சிபுரத்திலேயே இருக்கலாம்.

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா ஆச்சு?" "சிங்கிள்னு போட்டு அனுப்பியிருக்காங்க அத்தை." அவருக்குத் தெரிந்த சிங்கிள் நூலில் வருகிற சிங்கிள்தான். நூல் கட்டைப் பிரித்துப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஒத்த இழையா? அது தாங்காதும்மா. ரெண்டாச் சேத்து முறுக்கினாத்தான் நிக்கும். திருப்பி அனுப்பிடு."

குடும்பம்

திருப்பி அனுப்பவில்லை. ஸ்டெல்லா சொன்னபடி எழுதிக் கேட்டேன். கான்வென்ட் ஆங்கிலத்தில் நான்கு 'கைண்ட்லி' போட்டு, என் மகளுக்கு மூன்று வயது, அவளை உடன் அழைத்துவர அனுமதி உண்டா, ஆம் அல்லது இல்லை என்று பதில் தரவும் என்று எழுதினேன். வகுப்பில் சரியா தவறா போடச் சொல்கிற பழக்கம். அனுப்பு பட்டனை அழுத்திவிட்டு, யாரோ அடிக்க வருகிற மாதிரி போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

மறுநாளே பதில் வந்தது. ஆம், இல்லை இரண்டும் அதில் இல்லை. "எங்கள் பள்ளி ஒரு குடும்பம். ஆகவே ஊழியர்களின் குடும்பங்களுக்கு இடமளிக்க இயலாததற்கு வருந்துகிறோம்."

பீரோ

கையெழுத்துப் போடவில்லை. ஆனால் எழுதிக் கேட்டதில் கை கொஞ்சம் பழகிவிட்டது. ஸ்டெல்லாவின் பாஸ்போர்ட்டை நினைத்து நினைத்துக் கோபப்பட்ட எனக்கு, என் பி.எட். சர்டிஃபிகேட் எங்கே தூங்குகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. சனிக்கிழமை பள்ளி அரைநாள். நிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கரஸ்பாண்டன்ட் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "சார், என் ஒரிஜினல் வேணும்." "ஃபாரினா மேடம்?" "இல்ல சார். இங்கதான் இருக்கப்போறேன். அது என் வீட்டுல இருக்கட்டும்." "இங்க பத்திரமா இருக்குதே" என்றார். நான் வழக்கமாகச் சொல்லும் "எஸ் சார்" தொண்டைவரை வந்தது. முழுங்கிவிட்டு அப்படியே நின்றேன். நிலா அவருடைய மேஜை மணியை நாலு தரம் அடித்தாள்.

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். அடுக்கின கவர்களில் எங்கள் பள்ளி டீச்சர்கள் எல்லோரும் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என்னுடையதை உருவித் தூசி தட்டிக் கொடுத்தார். கோபமாகக்கூட இல்லை, கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் சொன்னார்: "இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல மேடம்."

மடியில் நிலாவும் நிலாவின் மடியில் சர்டிஃபிகேட்டுமாக டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினோம்; எனக்குத் தெரிந்து ஒரு டீச்சரைக் குடும்பத்தோடு பயணம் அழைத்துப் போகிற ஒரே ஸ்தாபனம் அந்த பஸ்தான், பெண்களுக்கு டிக்கெட் காசும் கிடையாது.