லேத்தில் கடைந்த பூரிக்கட்டை

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று என் வீட்டுக்காரர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். பொய் இல்லை. குக்கர் விசில் அடித்தாலே நாலடி தள்ளி நிற்பவள்தான் நான்.

அவர் பனியன் கம்பெனிகளில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். உடைந்த ஊசியைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்து மாற்றுகிற விரல்கள் அவருக்கு. அவற்றை நம்பித்தான் எங்கள் குடும்பம். அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறை ஒன்றில் கழித்துப்போட்ட சின்ன லேத்தை வாங்கிவந்து, வீட்டுக்கு முன்னால் ஷெட் போட்டு, மெஷின்களுக்கு இரும்பு பின்கள் கடைந்துகொண்டிருந்தார். திடீரென்று மரம் கடைய ஆசை வந்துவிட்டது. உனக்குப் பூரிக்கட்டை செய்து தருகிறேன் என்றார். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். கேட்கிற ஆளா?

மரத்துக்கு இந்த வேகம் போதாது என்று மோட்டாரில் பெரிய புல்லி மாட்டினார். கையில் பிடிக்கிற உளிக்குத் தாங்கலாக ஓர் இரும்புப் பட்டையை வெல்டிங் வைத்தார். வேப்பங்கட்டையை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் தகரக் கூரையே அதிர்ந்தது. கட்டை பிய்த்துக்கொண்டு வந்து மண்டையில் அடிக்கப்போகிறது என்று எனக்குப் பயம். கெஞ்சிக் கூத்தாடி பைக் ஹெல்மெட்டை மாட்டவைத்தேன்.

கட்டை பறக்கவில்லை. சீவல் சீவலாக உதிர்ந்து பூரிக்கட்டை உருண்டு திரண்டு வந்தது. அப்பாடா என்று கிட்டே போனேன். மெருகேற்றுவதற்காக அவர், மெஷினை நிறுத்தாமலே, தேங்காய் எண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட் துணியைக் கட்டையின்மேல் வைத்து அழுத்தினார். இந்த ஊரில் எதைத் துடைக்கவும் அதுதான். எல்லாவற்றுக்கும் பயந்த எனக்கு அதில் மட்டும் பயமே வரவில்லை.

துணியின் ஓரம் கட்டையில் சுற்றிக்கொண்டது. வேறு துணியாக இருந்தால் கிழிந்து விட்டிருக்கும். பனியன் துணி நீளும், விடாது. மறுமுனையை விரல்களில் சுற்றி வைத்திருந்தார். கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. அவர் கத்தவே இல்லை. நான்தான் கத்திக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினேன்.

கையும் கட்டையும் ஒரே துணிச் சுருளாக இருந்தன. நான் வீட்டில் தைக்கிற மெஷினிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்துவந்தேன். வெட்ட வெட்டத் துணி சிவப்பாக வந்தது. உள்ளே எத்தனை விரல் மிச்சமோ தெரியவில்லை. கடைசிச் சுற்றை மெதுவாக எடுத்தேன். ஐந்தும் இருந்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஏனுங்க, விரல அசைங்க பாக்கலாம்" என்றேன்.

அவர் கையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசைச்சுட்டுத்தான புள்ள இருக்கறேன்" என்றார்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் என் உள்ளங்கையில் அசையாமல் அப்படியே கிடந்தன.