வெர்லினின் இரட்டைப் புகைக்குழாய்

வெர்லின் ஹோராசெக் பாதி வாழ்க்கையைத் தன் சொந்த லாரியில் கழித்தவர். எங்கள் நெப்ராஸ்காவிலிருந்து மாடுகளை ஏற்றிக்கொண்டு கான்சாஸ், கொலராடோ என்று ஓடிக்கொண்டே இருப்பார். போன மார்ச்சில் டீசல் போடும் இடத்தில் மயங்கி விழுந்தார். இதயத் துடிப்பில் கோளாறு என்றார்கள். லாரி ஓட்டும் உரிமம் போயிற்று. மறுபரிசோதனை முடியும்வரை வீட்டிலிருக்கும் பிக்கப் வண்டியைக்கூட ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எதிர்வீட்டுக்காரனான எனக்கு அவரைப் பகலில் பார்ப்பதே புதிது. தபால் பெட்டிக்குப் பெயிண்ட் அடித்தார். காய்வதற்குள் சுரண்டிவிட்டு வேறு நிறம் அடித்தார். நன்றாக ஓடிய வாஷிங் மெஷினைக் கழற்றிப் போட்டார். பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் அவர் மனைவி டோரீன், அழுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

பிறகு ஒருநாள் நீளமான பெட்டி ஒன்று வந்து இறங்கியது. பிக்கப் வண்டிக்கு இரட்டைப் புகைக்குழாய். அது டர்போ பொருத்திய வண்டி. இழுவைக்குக் குறைவில்லை, ஆனால் தையல் மெஷின் மாதிரி சத்தம் போடுகிறது என்று வாங்கிய நாளிலிருந்தே அவருக்குக் குறை.

"ஓட்டவே கூடாதுன்னுட்டாங்க. இப்ப எதுக்கு இது?" என்றார் டோரீன்.

"ஓட்டக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. அடியில படுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

குழாயைத் தாங்கிப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். பழைய போல்ட்டுகள் துருவேறி அசையவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைக்கப் பொறுமையில்லாமல் அறுத்தே எடுத்தார். டர்போவிலிருந்து வரும் ஒற்றைக் குழாய் புது சைலன்ஸருக்குள் போய் இரண்டாகப் பிரிய வேண்டும். பின் அச்சுக்கு மேலே வளைந்து பக்கத்துக்கு ஒன்றாக வெளியே வர வேண்டும். எல்லாவற்றையும் தளர்வாகத் தொங்கவிட்டு, நேர்பார்த்து, கடைசியில்தான் முறுக்குவார்கள். வெர்லின் மாட்டமாட்ட முறுக்கிக்கொண்டே போனார். முடிவில் இடது குழாய், பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸை உரசிக்கொண்டு நின்றது. ஓட்டினால் சூட்டில் ஹோஸ் உருகிவிடும்.

நான் அதைப் பார்த்தேன். "எனக்கும் தெரியுதுடா. வாயத் திறக்காத" என்றார்.

ஸ்பேனரை எறிந்துவிட்டு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து சட்டென்று எழுந்தார். முகம் வெளுத்துவிட்டது. டயரில் சாய்ந்து, நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்தார். டோரீனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையாட்டினார்.

"சும்மா படுத்திருந்தா நெஞ்சு அடிக்கிறது கேக்குது. அடுத்தது வருமா வராதான்னு காத்துக்கிட்டே கெடக்கேன். கையில வேலை இருந்தா கேக்கல. அவ்வளவுதான்."

ஸ்பேனரைத் தேடி எடுத்து வந்து கொடுத்தேன்.

மறுநாள் எல்லாவற்றையும் தளர்த்தி, அடியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த உதிரி டயரையும் இறக்கிவிட்டு, மறுபடி மாட்டினோம். இம்முறை ஹோஸுக்கும் குழாய்க்கும் நடுவே என் கை தாராளமாக நுழைந்தது.

சாயங்காலம் டோரீன்தான் ஓட்டினார். வெர்லின் சோள வயலோரம் சாலையில் நின்றார். வண்டி எங்களைக் கடந்தது. அடித்தொண்டையில் யாரோ உறுமுவதுபோல ஒரு சத்தம், தரை வழியாகக் காலுக்கு ஏறியது. தன் வண்டியை வெளியே நின்று கேட்டது இதுதான் முதல் தடவை என்றார். திரும்ப வேண்டிய இடத்தில் டோரீன் திரும்பவில்லை. வண்டி கண்ணுக்கு மறைந்தது. வெர்லின் அந்தச் சாலையில் நடந்த நடையில் பள்ளம் விழுந்திருக்கும்.

வெகுநேரம் கழித்து டோரீன் வந்து நிறுத்தினார். "அறுபது மைல்ல போனா காது ரொய்ங்னுது. எண்பதுல நல்லாருக்கு."

"எண்பதுலயா போன?"

"பேசாம ஏறு" என்று பக்கத்து இருக்கையைத் தட்டினார்.

இலையுதிர் காலத்தில் அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். பிக்கப் ஓட்டலாம், லாரி கூடாது என்று தீர்ப்பாயிற்று. லாரியை விற்றார். மாட்டு ஏலக் கொட்டகையில், வரும் வண்டிகளுக்குக் கேட் திறந்துவிடும் வேலையில் சேர்ந்தார். அங்கே உட்கார நாற்காலி கொடுத்தும் உட்காருவதில்லை. காலையில் அவரைப் பிக்கப்பில் கொண்டுபோய் விடுவது டோரீன்தான். வண்டிச் சாவியை டோரீன் இன்னும் அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.