தொட்டிக்குள் டோசாகின்

மாமா அந்த மீன்களைக் கொண்டுவந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காகக் குளிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில், மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில், நகரசபை வாடகைக்குக் கொடுத்த ஒரு கவுன்சில் வீட்டில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அம்மாவின் ஒரே தம்பியான மாமா, ஊரிலிருந்து அகதியாக வந்து எங்களோடு தங்கியிருந்தார். அப்பா பிடித்துத் தள்ளாத குறையாக அவரை ஒரு ஜப்பானியக் கிழவரின் தோட்டத்தில் இலை கூட்ட அனுப்பினார். கிழவர் நாடு திரும்பும்போது தன் மூன்று தங்கமீன்களையும் மாமாவிடம் ஒப்படைத்துவிட்டார். டோசாகின் என்று பெயர். ஜப்பானிலேயே காண்பது அருமையாம்.

மேலேயிருந்து பார்த்தால் அழகுதான், நான் மறுக்கவில்லை. வால் பாவாடை போல விரிந்து, இரண்டு ஓரமும் தலைப்பக்கமாகச் சுருண்டிருக்கும். ஆனால் அந்த வாலை வைத்துக்கொண்டு அவற்றால் சரியாக நீந்த முடியாது. தண்ணீர் ஆழமாக இருக்கக்கூடாது, ஓடக்கூடாது, இடம் மட்டும் அகலமாக வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இருந்தது குளியல் தொட்டி ஒன்றுதான்.

“மீனை உடுப்புத் தோய்க்கிற பேசினுக்குள்ள விடடா. மனிசர் தொட்டியில குளிக்கட்டும்,” என்றார் அம்மா.

“பேசின்ல இடம் காணாதக்கா. வால் வளைஞ்சு போடும்.”

ஆகவே மீன்கள் தொட்டியில் உலாவின. நாங்கள் மார்கழிக் குளிரில் பேசினுக்குள் நின்று கோப்பையால் வார்த்துக்கொண்டோம். அப்பா தலையில் சவர்க்கார நுரையோடு மீன்களை முறைப்பார். இந்தக் கிழமையோடு மீனும் இல்லை நீயும் இல்லை என்று அம்மா கத்தாத நாள் இல்லை.

அந்தத் தொட்டியின் சுடுதண்ணீர்க் குழாய் வேறு நெடுநாளாகப் பழுது. அம்மா கவுன்சிலுக்குப் போன் பண்ணிப் பண்ணிக் களைத்திருந்த நேரத்தில், ஒரு நாள் குழாய் திருத்துபவர் வந்து நின்றார். மாமா வீட்டில் இல்லை. தொட்டியைக் காலி செய்ய வேண்டும், குழாயை முழுதாகத் திறந்துவிட வேண்டும் என்றார் அவர். நான்தான் மொழிபெயர்த்தேன். விடிவு காலம் பிறந்துவிட்டதென்று பேசினை எடுக்க ஓடினேன்.

“ஏலாதெண்டு சொல்லு,” என்றார் அம்மா.

எனக்குக் காது பிழையோ என்றிருந்தது.

“மீன் செத்துப்போகும். பிறகு வரச் சொல்லு.”

அவர் தொட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஏனம்மா அனுப்பினீங்கள்? உங்களுக்குத்தானே இந்த மீனைக் கண்ணில காட்டக்கூடாது!”

“உனக்கு விளங்காது. போய் உடுப்பை மடி.”

பின்னேரம் மாமா வந்தார். குழாய் திருத்துபவர் வந்து போனதைப் பற்றி அம்மா மூச்சே விடவில்லை. வழக்கம்போல மீனுக்காக ஏசத் தொடங்கினார். மாமாவும் சோற்றுக் கோப்பையோடு, அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் நின்று, வாயில் சோறு இருக்க இருக்க, வாலின் சுருளைக் கையால் வளைத்துக் காட்டி எதிர்வாதம் செய்தார். எனக்கு எரிச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டேன்.

மீன்கள் வருவதற்கு முந்திய மாதங்களில் மாமா அந்தக் குசினிப் பக்கமே வந்ததில்லை. அவருடைய அறைக் கதவடியில் அம்மா வைத்த சோறு பெரும்பாலும் வைத்தபடியே திரும்பிவரும். அதை நானும்தான் பார்த்திருந்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. நாளைக்கும் பேசினுக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.